தோற்றவனைத் திரும்ப அழைத்த தொகுதி

வாக்கு எண்ணி முடிந்த இரவில், தோற்றுப்போன கட்சியின் தேர்தல் பணிமனைக்குள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? நாடகக் கொட்டகையில் கடைசிக் காட்சி முடிந்து, கூட்டம் கலைந்து, படுதாவைச் சுருட்டுகிற நேரத்தில் ஒரு மௌனம் கவியுமே, அதே மௌனம் அங்கே கவிந்திருக்கும். நேற்றுவரை முழங்கிய ஒலிபெருக்கி ஒரு மூலையில் கவிழ்ந்து கிடக்கும். பசைவாளியில் பசை காய்ந்து வெடித்திருக்கும். வாக்காளர் பட்டியலை மடியில் விரித்துக்கொண்டு ஓர் இளைஞன் கேட்பான்: "எங்கே அண்ணே தவறினோம்?"

அந்த இளைஞனுக்குத்தான் இன்று பேசுகிறேன். ஆறுதல் மொழி சொல்லப் போவதில்லை. ஒரு தொகுதியின் கதையைச் சொல்லப் போகிறேன். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆகவே பேராசிரியரைப் போலப் புள்ளிவிவரங்களை அடுக்கி உங்களைத் திணறவைக்க மாட்டேன். மூன்றே மூன்று எண்களை மட்டும் உங்கள் கையிலே கொடுத்தனுப்புகிறேன். இரண்டு, நூறு, நாற்பத்து நான்கு. வீடு போய்ச் சேரும்போது இந்த மூன்று எண்களும் உங்களோடு வரட்டும்.

கனடா நாட்டின் நடுவே மானிட்டோபா என்றொரு மாநிலம். அதன் தலைநகர் வின்னிபெக். குளிர்காலத்தில் சுழிக்குக் கீழே முப்பது பாகை வரை இறங்குகிற உறைபனி நகரம். ஊரின் நடுவே அகன்று கிடக்கின்றன கனடியப் பசிபிக் இரயில்வேயின் தண்டவாளங்கள். தண்டவாளத்துக்குத் தெற்கே மாளிகைகளும் வங்கிகளும் தானிய வணிகர்களின் வளமனைகளும். வடக்கே, உக்ரேனியரும் போலந்தியரும் யூதரும் ஜெர்மானியரும் நெருக்கியடித்து வாழ்ந்த உழைப்பாளர் தெருக்கள். மொழியிலே வேறானவர்கள், வழிபாட்டிலே வேறானவர்கள், வறுமையிலே ஒன்றானவர்கள்! நகரின் நடுப்பகுதியையும் இந்த உழைப்பாளர் தெருக்களில் ஒரு பகுதியையும் சேர்த்து, 1924-ஆம் ஆண்டு வரையப்பட்டது 'வின்னிபெக் வடமத்தி' என்னும் நாடாளுமன்றத் தொகுதி. அதற்கு முன்னோடி 'வின்னிபெக் மத்தி'.

தொகுதி கோடுகளால் பிறந்தது 1924-இல். உணர்வால் பிறந்தது 1919-இல்.

1919, மே 15. காலை ஏழு மணி. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த பெண்கள்தாம் முதலில் எழுந்து வெளியேறினர். அவர்களைத் தொடர்ந்தது ஊர். ஏறத்தாழ 30,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆறு வாரங்கள் அசையாமல் நின்றது நகரம். தலைவர்களைக் கைது செய்தார்கள், போராட்டம் நிற்கவில்லை. ஜூன் 21, சனிக்கிழமை. குதிரைப்படைப் போலீசார் கூட்டத்துக்குள் பாய்ந்தனர். துப்பாக்கி வெடித்தது. இருவர் மாண்டனர். அந்த நாளை 'இரத்தச் சனி' என்றே இன்றுவரை அந்நகரம் நினைவில் வைத்திருக்கிறது. சில நாட்களில் வேலைநிறுத்தம் முறிந்தது.

முறிந்தது, தோழர்களே! கதையின் முதல் தோல்வி இதுதான். ஆனால் முறிந்த இடத்திலிருந்து ஒருவர் எழுந்தார். ஜே. எஸ். உட்ஸ்வொர்த் என்பது அவர் பெயர். மெதடிஸ்டு திருச்சபையின் பாதிரியார். முதல் உலகப் போரை எதிர்த்ததால் அரசு வேலை போயிற்று. 1918-இல் பாதிரிப் பட்டத்தையும் துறந்தார். வான்கூவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். வின்னிபெக் போராட்டத்தின்போது அங்கு வந்தவர், போராட்டச் செய்தித்தாளின் ஆசிரியர் கைதானதும் அந்த ஏட்டை எடுத்து நடத்தினார். அவரையும் பிடித்தார்கள். என்ன குற்றம்? அரசுத் துரோக எழுத்து! குற்றப்பத்திரிகையில் அவர் அச்சிட்ட சில வரிகளைச் சான்றாகக் காட்டினார்கள். அந்த வரிகளை எழுதியவர் யார் தெரியுமா? விவிலியத்தின் ஏசாயா தீர்க்கதரிசி! ஏழைகளை ஒடுக்கச் சட்டம் எழுதுவோரைக் கண்டிக்கும் பழைய வரிகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கோயிலிலே படிக்கப்பட்ட வாசகம், கூலிக்காரர் ஏட்டிலே வந்தவுடன் குற்றமாகிவிட்டது. பின்னர் அரசே வழக்கைக் கைவிட்டது.

1921, டிசம்பர் 6. பொதுத்தேர்தல். 'சொத்துரிமைக்கு முன் மனிதத் தேவை' என்ற முழக்கத்தோடு வின்னிபெக் மத்தியில் தொழிலாளர் வேட்பாளராக நின்றார் உட்ஸ்வொர்த். இரண்டரை ஆண்டுக்கு முன் சிறைக்கதவு திறந்து உள்ளே தள்ளப்பட்டவருக்கு, நாடாளுமன்றக் கதவைத் திறந்துவிட்டனர் மக்கள்.

அங்கே அவருக்கு எத்தனை பேர் துணை? கால்கரியிலிருந்து வந்த வில்லியம் இர்வைன் என்ற ஒரே ஒருவர். அந்த இர்வைன் அவையிலே எழுந்து நகைச்சுவையோடு அறிவித்தார்: தொழிலாளர் குழுவுக்குத் தலைவர் உட்ஸ்வொர்த், அந்தக் குழு நான்! அவை சிரித்தது. சிரித்தவர்கள் நாலே ஆண்டில் அந்தக் குழுவின் வாயைப் பார்த்து நிற்கப் போகிறார்கள் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

இப்போது முதல் எண்: இரண்டு.

1925 அக்டோபர் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. புதிய வடமத்தித் தொகுதியில் உட்ஸ்வொர்த் வென்றார். பக்கத்துத் தொகுதியான வின்னிபெக் வடக்கில், 1919 வழக்கிலே கூண்டில் நின்று விடுதலையான ஏ. ஏ. ஹீப்ஸ் வென்றார். தொழிலாளர் குழுவின் மொத்தப் பலம் இரண்டு. லிபரல் பிரதமர் மெக்கென்சி கிங் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருக்கிறார். கன்சர்வேட்டிவ் தலைவர் ஆர்தர் மீயன் அதன் காலை இழுத்துக்கொண்டிருக்கிறார். இரு பக்கமும் ஒவ்வொரு வாக்கையும் எண்ணுகிற நேரம்!

அந்த இருவரும் என்ன செய்தார்கள்? பதவி கேட்டார்களா? பேரம் பேசினார்களா? 1926 ஜனவரியில் இரு தலைவர்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதினார்கள். வேலையில்லாதவனுக்கு என்ன செய்வீர்கள்? உழைத்து ஓய்ந்த முதியவனுக்கு உதவித்தொகை தருவீர்களா? விடை எழுத்திலே வேண்டும் என்றார்கள். கிங் எழுதிக் கொடுத்தார். உட்ஸ்வொர்த்துக்கு அமைச்சர் பதவியையும் நீட்டிப் பார்த்தார். பதவியைத் தொடாமல், கடிதத்தை மட்டும் வாங்கி அவையிலே படித்தார் உட்ஸ்வொர்த்!

கீழவையில் மசோதா நிறைவேறியது. நியமன உறுப்பினர் நிறைந்த மேலவை அதைக் கொன்றது. 1926 செப்டம்பரில் மறுபடியும் தேர்தல். மக்கள் மறுபடியும் அதே தீர்ப்பைச் சொன்னார்கள். 1927-இல் சட்டம் வந்தது. எழுபது வயதான ஏழைக்கு மாதம் 20 டாலர் வரை உதவித்தொகை. செலவில் பாதி மத்திய அரசுடையது, பாதி மாநிலத்துடையது. இரண்டே வாக்குகள், ஒரு நாட்டின் முதியோர் பாதுகாப்புக்கு அடிக்கல் நாட்டின.

தோழர்களே, வெற்றியைப் பாடும்போது குறையை மறைப்பது கூலிப்புலவன் வேலை. ஆகவே இதையும் சொல்லியாக வேண்டும். அந்த 1927 சட்டத்தில், அந்நாட்டின் ஆதிக்குடிகளான செவ்விந்தியர் என்று பதிவு செய்யப்பட்ட மக்களுக்கு இடமில்லை. மண்ணுக்கு மூத்தவர்களுக்கு முதியோர் உதவி இல்லை! அவர்களில் மிகப்பெரும்பாலோர் தம் சட்டநிலையைத் துறக்காமல் மத்தியத் தேர்தலில் வாக்களிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கில்லாதவனுக்கு வாதாட ஆளில்லை என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. இளம் பாதிரியாக இருந்தபோது, 1909-இல், 'நம் வாயிலுக்குள் அந்நியர்' என்ற பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார் உட்ஸ்வொர்த். குடியேறி வந்த மக்களை இனம் இனமாகத் தரம் பிரித்த நூல். பின்னாளில் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தவர்களில், அவர் அன்று தாழ்த்தி எழுதிய மக்களும் இருந்தனர். தலைவன் மக்களைத் திருத்துகிறான் என்பார்கள். மக்களோடு வாழ்ந்தால் தலைவனும் திருந்துகிறான் என்பதற்கும் இந்தத் தொகுதி சாட்சி.

இனி இரண்டாவது எண்: நூறு.

1932-இல் உழவரும் தொழிலாளரும் சேர்ந்து 'கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு' என்ற புதிய கட்சியைத் தொடங்கினர். உட்ஸ்வொர்த் அதன் முதல் தலைவர். ஏழாண்டுகள் கழித்து, 1939 செப்டம்பரில், போலந்தின்மீது பாய்ந்தது இட்லரின் படை. கனடா போரில் இறங்குவதா என்று விவாதிக்க நாடாளுமன்றம் கூடியது. எந்தப் போரையும் ஏற்காதவர் உட்ஸ்வொர்த். அவருடைய கட்சியின் தேசியக் குழுவே அவர் கருத்தை ஏற்கவில்லை. ஆனால் மனச்சான்றின்படி பேசும் உரிமையை அவருக்கு விட்டுவைத்தது. உடல் தளர்ந்து, பார்வை மங்கிய நிலையில் எழுந்தார். தனக்குப் பின்னால் தன் கட்சியே நிற்கவில்லை என்று தெரிந்தும் பேசினார். போருக்கு அழைப்பு விடுத்த பிரதமர் கிங்கே, கருத்தை எதிர்த்துக்கொண்டே அந்த மனிதரின் நேர்மைக்கு அவையிலே மரியாதை செலுத்தினார்.

அவர் சொன்னது சரியென்று நான் வாதாட வரவில்லை. இட்லரின் கொலைக்களத்தை அறிந்த நாம் அப்படி எளிதில் சொல்லிவிட முடியாது. சற்று அந்தத் தொகுதியை எண்ணிப் பாருங்கள்! அங்கே போலந்தியர் இருக்கிறார்கள். அவர்கள் தாய்மண்ணிலே குண்டு விழுந்துகொண்டிருக்கிறது. அங்கே யூதர் இருக்கிறார்கள். அவர்கள் உற்றார் உறவினர் ஐரோப்பாவிலே வேட்டையாடப்படுகிறார்கள். அவர்களுடைய பிரதிநிதி, போர் வேண்டாம் என்று பேசியிருக்கிறார். ஆறு மாதத்துக்குள், 1940 மார்ச்சில், அவர்களிடமே வாக்குக் கேட்டு நிற்கிறார்!

என்ன நடந்திருக்கும்? நாடகம் எழுதுகிற எனக்கே இப்படிப்பட்ட காட்சியை அமைக்கக் கை நடுங்கும். பலர் விலகினர். வெற்றி வித்தியாசம் சரிந்தது. ஏறத்தாழ நூறு வாக்குகள்தாம் மிஞ்சின. ஆனால் அந்த நூறு நின்றது! அவர் கருத்தை ஒப்பியா நின்றது? ஒப்பாதவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். முதியோருக்கு வந்த இருபது டாலரையும், ஏசாயாவை அச்சிட்டதற்காகச் சிறை சென்றதையும், இருபது ஆண்டுக் காலம் வாங்காத கையையும் எண்ணிப் பார்த்து, "இவர் இந்த ஒன்றில் தவறினாலும் நம்மை விற்கமாட்டார்" என்று குத்திய வாக்குகள் அவை.

உட்ஸ்வொர்த் 1942 மார்ச்சில் மறைந்தார். அந்த ஆண்டு நவம்பர் 30-இல் இடைத்தேர்தல். வேட்பாளர், 34 வயதான ஸ்டான்லி நோல்ஸ். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர், பாதிரியாராகவும் இருந்தவர், நகரமன்ற உறுப்பினர். வென்றார். 1945, 1949, 1953, 1957 என்று தொடர்ந்து வென்றார். அவர் கையிலே எடுத்த ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, அவை நடைமுறை விதிகள். அவற்றை அவரளவு கரைத்துக் குடித்தவர் அவையிலே அரிது. மற்றொன்று, ஆசானிடமிருந்து பெற்ற அதே பழைய கோரிக்கை: முதியோர் உதவித்தொகை. ஏழ்மையை மெய்ப்பிக்கும் சோதனையே இல்லாமல் எழுபது வயதானோர்க்கெல்லாம் மாதம் 40 டாலர் என்ற சட்டம் 1951-இல் வந்தது. 1957-இல் லிபரல் அரசு அதற்கு மேலே ஆறு டாலரை மட்டும் போட்டபோது, 'ஆறு டாலர்க்காரர்கள்' என்று நாடே எள்ளி நகையாடியது.

1956-இல் எரிவாயுக் குழாய்த் திட்ட மசோதாவை, விவாதத்தின் கழுத்தை நெரித்து நிறைவேற்றியது லிபரல் அரசு. அப்போது எதிர்க்கட்சி வரிசையிலிருந்து விதிக்கு விதி எழுந்து போராடியவர்களில் முன்னணியில் நின்றார் நோல்ஸ். மறு ஆண்டு, 22 ஆண்டு ஆண்ட அந்த அரசு கவிழ்ந்தது. புதிதாக வந்த கன்சர்வேட்டிவ் பிரதமர் டீஃபன்பேக்கர், எதிர்க்கட்சிக்காரரான நோல்சுக்கு அவைத்தலைவர் பதவியையே தர முன்வந்தார். நோல்ஸ் மறுத்தார். என் இடம் மேடையிலே அல்ல, மக்களுக்காக வாதாடும் வரிசையிலே என்ற எண்ணம்.

இவ்வளவு செய்தவரை எவர் தோற்கடிக்க முடியும்?

1958, மார்ச் 31. அடித்தது டீஃபன்பேக்கர் அலை! 265 இடங்களில் 208 அவருக்கு. மானிட்டோபாவின் 14 தொகுதிகளும் அவருக்கே. கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு 25-இலிருந்து எட்டாகச் சுருங்கியது, அதன் தலைவர் கோல்ட்வெல் தோற்றார், நோல்சும் தோற்றார். 1921 முதல் ஒரே கொள்கைக்கு வாக்களித்த மண், 37 ஆண்டுகளுக்குப் பிறகு ஜான் மக்லீன் என்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது.

பட்டியலை மடியில் வைத்திருக்கும் இளைஞனே, இங்கே நீ கவனிக்க வேண்டும்! எங்கே தவறினார் நோல்ஸ்? உழைக்கவில்லையா? உழைத்தார். ஊழல் செய்தாரா? இல்லை. விலை போனாரா? இல்லவே இல்லை. தவறு செய்தால்தான் தோல்வி வரும் என்பதில்லை. அலை வரும்போது நல்ல படகும் கவிழும். கவிழ்ந்த பிறகு படகுக்காரன் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி.

நோல்ஸ் மக்களைத் திட்டவில்லை. "நன்றிகெட்ட தொகுதி" என்று அறிக்கை விடவில்லை. கனடியத் தொழிலாளர் காங்கிரசின் துணைத்தலைவர்களில் ஒருவரானார். தொழிற்சங்கங்களையும் எட்டுப் பேராய்ச் சுருங்கிப்போன கட்சியையும் ஒன்றாக்கி ஒரு புதிய கட்சி காணும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1961-இல் பிறந்தது 'புதிய ஜனநாயகக் கட்சி'. தோற்றவன் வீட்டிலே முடங்கியிருந்தால் அந்தக் கட்சி பிறந்த விதமே வேறாக இருந்திருக்கும்.

1962, ஜூன் 18, பொதுத்தேர்தல். அன்று நோல்சுக்கு 54 வயது நிறைகிறது. பிறந்த நாள் பரிசாக வடமத்தி மக்கள் அவரை மீண்டும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். நான்கே ஆண்டு இடைவெளி! அதற்குப் பிறகு 1984-இல் அவரே ஓய்வு பெறும்வரை அவரை அவர்கள் விடவில்லை. அந்த ஆண்டுகளில் உதவித்தொகை வயது எழுபதிலிருந்து அறுபத்தைந்தாக இறங்கியது. தொகை, விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதற்கு வழி செய்யப்பட்டது. அவர் விடைபெற்றபோது, அவையின் நடுமேசையில் வாழ்நாள் முழுதும் அமரும் உரிமையை அளித்துப் பெருமைப்படுத்தியது நாடாளுமன்றம். 1921-லிருந்து 1984 வரை 63 ஆண்டுகள். நான்கு ஆண்டு நீங்கலாக இரண்டே மனிதர்கள்!

இங்கே நான் பேச்சை முடித்தால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் மூன்றாவது எண் பாக்கி இருக்கிறது.

நோல்சுக்குப் பின் அதே கட்சியின் சிரில் கீப்பர் 1984-இல் வென்றார். 1988-இல் லிபரல் கட்சியின் டேவிட் வாக்கரிடம் தோற்றார். 1993-இலும் வாக்கரே வென்றார். முன்னோர் தேடிய புகழ் மூன்றாம் தலைமுறைக்குப் பட்டா நிலமல்ல! தொகுதியின் முகமும் மாறிவிட்டது. பழைய உக்ரேனியர், போலந்தியர் தெருக்களில் ஆதிக்குடி மக்களும் பிலிப்பைன்சிலிருந்து வந்தவர்களும் பெருகியிருந்தனர். புதிய வாசலிலே போய்ப் பழைய பெருமை பேசினால் கதவு திறக்குமா?

1997, ஜூன் 2-இல் ஜூடி வசிலிஷியா-லெய்ஸ் என்ற அம்மையார் வடமத்தியைப் புதிய ஜனநாயகக் கட்சிக்கு மீட்டெடுத்தார். ஏழு நாள் கழித்து, ஜூன் 9-இல், ஸ்டான்லி நோல்ஸ் கண்மூடினார். 2000-இலும் அந்த அம்மையாரே வென்றார். பிறகு தொகுதி மறுவரையறை வந்தது. 2004 தேர்தல் முதல் வடமத்தி என்ற பெயரே வரைபடத்தில் இல்லை. அதன் பெரும்பகுதி வின்னிபெக் வடக்கோடு கலந்தது. அங்கும் அம்மையார் வென்றார். ஆனால் மேயர் பதவிக்குப் போட்டியிட 2010-இல் அவர் விலகியதும், இடைத்தேர்தலில் லிபரல் கட்சியின் கெவின் லாமொரூ வென்றார். 2011 பொதுத்தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி முழுமூச்சாக முயன்றது. நாடு முழுவதும் அக்கட்சிக்கு வரலாறு காணாத வளர்ச்சி. ஆனால் பாட்டன் தொகுதியிலே என்ன ஆயிற்று? லாமொரூவே வென்றார்.

வித்தியாசம்: 44 வாக்குகள்!

நாற்பத்து நான்கு! அது ஒரு தெரு, தோழர்களே. ஒரு தெருவின் ஒரு சாரி. யாரோ ஒருவர், "இது நம் கோட்டை, இங்கே போகாவிட்டாலும் வரும்" என்று நினைத்துத் தாண்டிப் போன தெரு. அதற்குப் பிறகு நடந்த பொதுத்தேர்தல்களிலும் லாமொரூவே வென்றார்.

ஆக, மூன்று எண்கள். கொள்கையிலே உறுதியும் கேட்பதிலே தெளிவும் இருந்தால், இரண்டு வாக்கு ஓர் அரசை அசைக்கும். வாழ்க்கையிலே தூய்மை இருந்தால், கருத்திலே மாறுபட்டவனும் நூறு வாக்காய் உன் பக்கம் நிற்பான். பழம்பெருமையிலே உறங்கினால், நாற்பத்து நான்கு வாக்கு உன் கோட்டையின் சாவியை மாற்றான் கையிலே கொடுத்துவிடும்.

"எங்கே அண்ணே தவறினோம்?" என்று கேட்ட தம்பிக்கு என் விடை இதுதான். எங்கே தவறினோம் என்பதை இந்த அறையிலே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. வாக்காளர் வீட்டுத் திண்ணையிலேதான் கண்டுபிடிக்க முடியும். ஒலிபெருக்கியைத் துடைத்து வை. பசைவாளியைக் கழுவி வை. வாக்காளர் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள். அதிலே நீ இதுவரை நுழையாத தெரு எது என்று பார். நாளைக் காலையிலே அந்தத் தெருவுக்குப் போ. வாக்குக் கேட்காதே, தேர்தல்தான் முடிந்துவிட்டதே! குறை என்னவென்று கேள். அந்த வீட்டுக் கிழவிக்கு வரவேண்டிய உதவித்தொகை வருகிறதா என்று கேள். வரவில்லையென்றால், வரும்வரை நட.